சிவப்பு மையில் இறால், நண்டு

என் கணவரின் கிளினிக் கொப்பியில், முதல் பக்கத்திலேயே, சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது: "இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது." அதற்குக் கீழே இரண்டு கோடு வேறு. எழுதியது ஆஸ்பத்திரி வாட்டில் நின்ற நேர்ஸ், மிஸி. எழுத வைத்தது நான். பச்சைப் பொய்.

குருநகர்க் கடற்கரையில் பிறந்த மனிதருக்கு இறால் ஒத்துக்கொள்ளாதாம்! ஒப்பரேசனுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகூட ஒரு சட்டி நண்டுக் குழம்பை முன்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காலாய்க் கடித்து உறிஞ்சி, சேர்ட்டெல்லாம் குழம்பாக்கிவிட்டு எழும்பியவர். ஆனால் அவருடைய நெஞ்சைத் திறந்து இதயத்துக்குள் உலோக வால்வு பொருத்தியிருந்த நேரம் அது. எங்கள் பக்கத்தில் வெட்டுக்காயம், ஒப்பரேசன் என்றால் முதலில் குசினியில்தான் சட்டம் மாறும். இறால், நண்டு, கத்தரிக்காய், அன்னாசி எல்லாம் கிரந்தி. கிரந்தியானதைத் தின்றால் காயம் கடிக்கும், சிவக்கும், சீழ் கட்டும், ஆறவே ஆறாது என்பார்கள். வாட்டுச் சாப்பாட்டோடு தப்பித்தவறி ஓர் இறால் வந்துவிட்டால் என்ன செய்வது? மிஸி, "ஒத்துக்கொள்ளாத சாப்பாடு ஏதும் இருக்கோ?" என்று கேட்டபோது என் வாய் முந்திக்கொண்டது.

"இறால், நண்டு. வாயிலை வைக்கேலாது மிஸி. உடம்பெல்லாம் தடிச்சுப் போகும்."

கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மறுத்துப் பேசுகிற நிலையில் அவர் இல்லை, பாவம்.

இதில் பெரிய வெட்கம் என்னவென்றால், நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். குருதி உறைதல் என்ற பாடத்தைப் பலகையில் படம் கீறி, ஒவ்வொரு வருடமும் விளங்கப்படுத்துகிறவள். ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், கிரந்தி எண்டால் என்ன?" என்று கேட்டிருந்தால், "இரு பிள்ளை, பாடத்தைக் கவனி" என்று இருத்தியிருப்பேன். எனக்கே பதில் தெரியாது. ஆனாலும் இரண்டு வருடம் எங்கள் வீட்டுக்குள் இறாலோ நண்டோ வரவில்லை. நெஞ்சுக் காயம் ஒரு மெல்லிய கோடாக, வடிவாக ஆறியது. அதைப் பார்க்கிற நேரமெல்லாம் எனக்குள் ஒரு பெருமை. வைத்தியர்கள் தைத்தார்கள், ஆற்றியது என் குசினி என்று. போகிற வருகிற இடமெல்லாம் "அவருக்கு ஒத்துக்கொள்ளாது" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் நானே அதை நம்பத் தொடங்கியிருந்தேன்.

உலோக வால்வு போட்டவர்கள் இரத்தம் உறையாமல் இருக்கிறதற்குச் சீவியம் முழுக்கக் குளிசை போடவேண்டும். போடாவிட்டால் வால்வில் இரத்தம் கட்டிவிடும். போட்டால் ஒரு சின்னக் கீறலும் நிற்காமல் வடியும். அந்தக் குளிசை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. அவருடைய பழைய சவர அலகுகளைத் தூக்கி எறிந்தேன். மீன் வெட்டுகிற கத்தியை அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்தேன். முருங்கை மரத்தில் கை வைக்க விடவில்லை. முற்றத்தில் கிடந்த ஒரு தகரத் துண்டுக்காக அவரோடு அரை நாள் சண்டை பிடித்தேன்.

"பொலிசோடை குடும்பம் நடத்துறன்" என்று அவர் தன் அக்காவிடம் முறைப்பாடு செய்வார்.

எங்கள் மகள் கனடாவில் நேர்சாக வேலை செய்கிறாள். என் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அலுத்து, ஊருக்கு வந்த ஒருவரின் கையில் இரண்டு சின்னப் பக்கெற் கொடுத்துவிட்டாள். காயத்துக்குள் வைத்து அழுத்துகிற மருந்துத் துணி. அன்று போனில் அவள் சொன்னது ஒவ்வொரு சொல்லாக இன்னும் என் காதில் இருக்கிறது.

"அம்மா, வடிவாக் கேளுங்கோ. காயத்துக்குள்ளை வைச்சு அஞ்சு நிமிசம் அழுத்திப் பிடிக்கோணும். எடுத்து எடுத்துப் பாக்கக் கூடாது. ரத்தம் நிண்ட பிறகும் கழட்டக் கூடாது. ஆஸ்பத்திரியிலைதான் கழட்டோணும்."

"அப்பான்ரை குளிசையோடையும் வேலை செய்யுமோ?"

"அதுக்குத்தானே அனுப்பினனான். உடம்பு தானா உறைய வைக்கட்டும் எண்டு உது பாத்துக்கொண்டிருக்காது. ரத்தக் கலங்களைத் தானே இழுத்து ஒட்ட வைச்சிடும்."

"என்னத்திலை பிள்ளை செய்தது?"

"எல்லாம் இயற்கையிலை இருந்துதான். நீங்கள் பயப்பிடாதேங்கோ."

இயற்கை என்றதும் ஏதோ இலை தழையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் கணவர் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வாங்கி மகளிடம் தன் கவலையைச் சொன்னார். அவருக்கு வேறு என்ன கவலை? படகுதான். அடிப்பக்கம் முழுக்கச் சிப்பி ஒட்டிவிட்டதாம், சுரண்ட ஆளில்லையாம். கடலில் கிடக்கிற படகில் ஒட்டிக் கல்லாகிவிடுகிற சின்னச் சின்னச் சிப்பிகளைச் சொல்லுகிறார். அலகு மாதிரி விளிம்பு அவற்றுக்கு. பார்த்தால் சிப்பி, ஆனால் விஞ்ஞானப்படி அது இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தக்காரன்.

மகள் சிரித்தாள். "அப்பா, நீங்கள் திட்டுற சிப்பியைத்தான் இஞ்சை ஆராய்ச்சிக்காரர் தலையிலை வைச்சுக் கொண்டாடினம். ஈரத்திலை ஒட்டுற பசை லேசிலை கிடைக்காது. அது முதல் தண்ணியைத் தள்ளிப்போட்டுப் பிறகுதான் ஒட்டுமாம். அதைப் பாத்து, ரத்தம் வழியிற இடத்திலையும் ஒட்டுற களி ஒண்டு செய்து மிருகங்களிலை பரிசோதிச்சிருக்கினம்."

"உந்தச் சனியனையோ? என்ரை கையைக் கிழிச்ச கணக்குக்கு அது எனக்கு மருந்தும் போடத்தான் வேணும்" என்றார் இவர்.

இரண்டு பக்கெற்றில் ஒன்றை என் கைப்பைக்குள் போட்டேன். மற்றதை அலுமாரியில், கூறைச் சீலைக்கு அடியில், பத்திரமாக வைத்தேன். நல்ல சாமானைப் பத்திரப்படுத்திவிட்டுத் தேவைக்கு எடுக்க முடியாமல் நிற்பது எங்கள் குடும்பப் பழக்கம்.

தவக்காலத்தில், கடலுக்குள் ஆளில்லாத ஒரு தீவில் இருக்கிற அந்தோனியார் கோயிலுக்கு எங்கள் ஆட்கள் திருவிழாவுக்குப் போவார்கள். அதற்கு முந்திய கிழமை சில குடும்பங்கள் போய்ப் பற்றைகளை வெட்டிக் கோயிலைக் கூட்டிக் கழுவிவிட்டு வரவேண்டும். அந்த முறை எங்கள் குடும்பத்துக்கு வந்தது. போகிறது நான்கு பேர். நான், அவர், அவருடைய அக்காவான என் மச்சாள், மச்சாளின் புருசன். அவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். ஒப்பரேசனுக்குப் பிறகு எங்கள் படகை அவர்தான் ஓட்டுகிறார். அடியைச் சுரண்டுவதை ஈஸ்டருக்குப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிப் போட்டவரும் அவர்தான்.

"நீங்கள் வரவேண்டாம்" என்றேன் இவரிடம்.

"அந்தோனியாரிட்டைப் போறதுக்கும் உம்மட்டைப் பாஸ் எடுக்கோணுமோ?"

"வந்தால் படகிலையே இருக்கோணும். தண்ணிக்குள்ளை கால் வைக்கிறேல்லை. சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினார். சிரித்துக்கொண்டே பண்ணினார்.

ஒன்றரை மணி நேர ஓட்டம். காலை வெயில், நல்ல கடல். இரண்டு வருடத்துக்குப் பிறகு படகில் ஏறிய மனிதரின் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசத்தில் கொஞ்சம் கண் அயர்ந்துவிட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். கரை கிட்டியதும் அண்ணை எஞ்சினை நிறுத்தினார். அங்கே இறங்குதுறை ஒன்றும் கிடையாது. யாராவது குதித்துப் படகைப் பிடிக்கவேண்டும். ஒரு சின்ன அலை படகைத் திருப்பியது. அவ்வளவுதான், இவர் குதித்துவிட்டார். யோசித்துக் குதிக்கவில்லை. நாற்பது வருடப் பழக்கம் காலில் இருந்தது.

"ஏறுங்கோ!" என்று கத்தினேன். அடுத்த அலை படகைத் தூக்கி அவர் பக்கமாகச் சரித்தது. படகின் அடி அவருடைய கெண்டைக்காலை உரசிக்கொண்டு இறங்கியது. தண்ணீர் சிவந்தது.

தூக்கிப் படகுக்குள் கிடத்தினோம். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குச் சதை திறந்திருந்தது. அதிலிருந்து இரத்தம் பொங்கிப் பொங்கி வந்தது. போனில் சிக்னல் இல்லை. தீவில் ஒரு குருவியைத் தவிர உயிர் இல்லை. கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டி, பக்கெற்றைப் பல்லால் கிழித்து, துணியைக் காயத்துக்குள் திணித்து, இரண்டு கையாலும் அழுத்தினேன்.

"மச்சாள், நேரம் பாருங்கோ! அஞ்சு நிமிசம்!"

மச்சாளிடம் மணிக்கூடு இல்லை. செபமாலைதான் இருந்தது. அவ அருள்நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினா. சோறு வடிப்பதற்கும் முட்டை அவிப்பதற்கும் அவவுக்கு அதுதான் கணக்கு. இருபது தரம் சொல்லி முடியும்வரை நான் கையை எடுக்கவில்லை. எடுத்தபோது, கர்த்தரே, இரத்தம் நின்றிருந்தது! குளிசை போடுகிற மனிதருக்கு, அப்படிப்பட்ட காயத்தில், இரத்தம் நின்றிருந்தது. துணி காயத்தோடு காயமாக ஒட்டிப்போய் இருந்தது.

"பாத்தீரோ, என்ரை மகள்" என்றார் அவர், வெளிறின உதட்டோடு.

அண்ணை படகைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டே கொட்டின சாமான்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டேன். கிழிந்த பக்கெற் உறை கையில் வந்தது. நான் சும்மா இருக்கிற பிறவி இல்லை. எதைக் கண்டாலும் வாசிக்கிற வியாதி எனக்கு, மகள் தந்தது என்று இதை மட்டும்தான் அதுவரை வாசிக்காமல் விட்டிருந்தேன். பின்பக்கத்தில் ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில் இருந்தது. இறால், நண்டு முதலானவற்றின் ஓட்டிலிருந்து, அதுதான் கோதிலிருந்து, எடுத்த பொருளால் செய்தது. அவை ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனமாக இருக்கவேண்டும்.

கீழே பார்த்தேன். பையிலிருந்து விழுந்த கிளினிக் கொப்பி விரிந்து கிடந்தது. முதல் பக்கம். சிவப்பு மை. இரண்டு கோடு.

அந்த வரியை நான்தான் சொல்லி எழுதுவித்தேன் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால்கூட என்ன செய்திருப்பேனோ தெரியாது. ஆஸ்பத்திரிக் கொப்பியில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது, பக்கெற்றிலும் எழுதியிருக்கிறது, அதோடு பச்சைக் காயத்துக்குள் இறால் கோது! நாக்கில்கூட வைக்க விடாமல் இரண்டு வருடம் காத்ததை என் கையாலேயே சதைக்குள் திணித்துவிட்டேனே!

"என்னடி முழிசிறாய்?" என்றா மச்சாள்.

"உது... இறால் கோதிலை செய்ததாம் மச்சாள்."

"ஐயோ அந்தோனியாரே! கிரந்தியெல்லே!"

கழட்டு என்று அவ சொல்லவில்லை. அதை நேர்மையாக எழுதவேண்டும். நான்தான் குனிந்தேன். நான்தான் துணியின் ஒரு முனையைப் பிடித்தேன். அது வரமாட்டேன் என்றது. அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தது. இழுத்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். இன்னும் இழுத்தேன். சதையை உரித்துக்கொண்டு வந்தது. அதே வேகத்தில் கடலுக்குள் எறிந்தேன், ஏதோ விசப் பூச்சியை எறிகிற மாதிரி.

அதற்குப் பிறகு வந்த இரத்தம் முதல் வந்ததைவிட மோசம்.

"என்ன விசர் வேலை பாக்கிறாய் பிள்ளை!" என்று அண்ணை எஞ்சின் பக்கமிருந்து கத்தினார். சால்வையைச் சுருட்டி வைத்தேன், ஊறியது. மச்சாளின் சீலைத் தலைப்பைக் கிழித்து வைத்தேன், அதுவும் ஊறியது. கடைசியில் அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து மடித்து வைத்து, காலை என் மடியில் தூக்கி, என் உடம்புப் பாரம் முழுவதையும் இரண்டு கையிலும் போட்டு அழுத்தினேன். படகு ஒவ்வொரு அலைக்கும் எழும்பி விழுந்தது. விழுகிற ஒவ்வொரு முறையும் என் விரலிடுக்கால் சூடாக வந்தது.

ஒன்றரை மணி நேரம். பத்தாம் ஆண்டுப் பாடம் முழுக்க என் தலைக்குள் ஓடியது. இரத்தக் குழாய் சுருங்கும், சிறுதட்டுக்கள் ஒட்டும், வலை பின்னும். இவருக்குப் பின்னாது. பின்னவிடாத குளிசையைக் காலையில் தண்ணீரோடு கொடுத்தவள் நான். அதற்கு ஒரு மாற்று வழியை மகள் கடல் கடந்து அனுப்பிவைத்தாள். அதைப் பிய்த்து எறிந்தவளும் நான். இன்னொரு பக்கெற் கூறைச் சீலைக்கு அடியில் நித்திரை கொள்ளுகிறது. எனக்கு என்னையே அடிக்கவேண்டும் போல இருந்தது, ஆனால் கையை எடுக்க முடியாது.

"குளிருது" என்றார் அவர். உச்சி வெயில்.

"கதைச்சுக்கொண்டிருங்கோ. கண்ணை மூடாதேங்கோ. இஞ்சருங்கோ, என்னைப் பாருங்கோ."

"பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்."

பிறகு கதைக்காமல் விட்டார். மச்சாள் செபமாலையை விட்டுவிட்டுத் தம்பியின் தலையை மடியில் வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தா. குருநகர்க் கரை தெரிந்தபோது என் முழங்கைக்குக் கீழே உணர்வே இல்லை. அண்ணை தூரத்திலேயே தன் சாரத்தைக் கழற்றி வீசிக் காட்ட, கரையில் நின்றவர்கள் ஓட்டோவைத் தண்ணீர் விளிம்புவரை கொண்டுவந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் என் கைகளை அவருடைய காலிலிருந்து எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. விரல்கள் விறைத்து விரியமாட்டேன் என்றன.

இரத்தம் ஏற்றினார்கள். தைத்தார்கள். நான் வெளியே போட்டிருந்த மர வாங்கில், காய்ந்த இரத்தத்தோடு, யாரும் என்னைப் பார்த்து ஒன்றும் கேட்டுவிடக் கூடாதே என்று குந்தியிருந்தேன். பின்னேரம் ஓர் இளம் பெண் டொக்டர் கூப்பிட்டா.

"அழுத்தின கையை எடுக்காமல் கொண்டுவந்தீங்கள், அதாலை ஆள் தப்பினார் அம்மா."

அதைக் கேட்டு நான் அழுததை அவ நன்றி என்று நினைத்துக்கொண்டா. கொப்பியைப் புரட்டிச் சிவப்பு வரியில் நின்றா. கட்டிலில் கண் விழித்துக் கிடந்தவரைக் கேட்டா.

"ஐயா, இறால் சாப்பிட்டால் உங்களுக்கு என்ன செய்யும்?"

"ருசியா இருக்கும்" என்றார்.

டொக்டர் என்னைப் பார்த்தா. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கிரந்தியை, பொய்யை, பக்கெற்றை, கடலில் எறிந்ததை. அவ ஏசவில்லை. அந்தத் துணி, உண்மையாகவே இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக்கூடப் பெரும்பாலும் ஒன்றும் செய்கிறதில்லை என்றுதான் சொல்லுகிறார்கள் என்றா. சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்துச் சிவப்பு வரியை வெட்டி, பக்கத்தில் கையெழுத்து வைத்தா. அவ்வளவு லேசாக வெட்டிவிடக்கூடிய வரிதான் அது.

மகளுக்குப் போன் எடுத்தேன். முதலில் அழுதாள், பிறகு ஏசினாள், பிறகு மறுபடி அழுதாள்.

"உறையிலை உள்ளதை அப்பவே சொல்லியிருக்கலாமெல்லே?" என்றேன், குற்றத்தில் ஒரு துண்டையாவது அவள் தலையில் போடுகிற ஆசையில்.

"இறால் கோது எண்டு சொல்லியிருந்தால் நீங்கள் அதை வீட்டுக்குள்ளையே எடுத்திருக்க மாட்டீங்கள் அம்மா." உண்மை. எறிந்திருப்பேன்.

மூன்றாம் நாள் அவருக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கேள்வியை மூன்று நாளாக வைத்துக்கொண்டிருந்தேன். கேட்காமல் விட்டிருக்கலாம். என் சுபாவத்துக்கு அது முடியாதே.

"கழட்டக் கூடாது எண்டு மகள் சொன்னது உங்களுக்கும் கேட்டதெல்லே?"

"ஓம். கேட்டது."

"நான் கழட்டேக்கை அது நினைவிருந்ததோ?"

"இருந்தது."

"பிறகேன் பேசாமல் கிடந்தனீங்கள்? கையைத் தட்டிவிட்டிருக்கலாமே!"

அவர் கஞ்சியை விழுங்கிவிட்டு, தெரிந்ததையே கேட்கிறேனாக்கும் என்கிற மாதிரிப் பார்த்தார்.

"நீர் படிச்சனீர். ரீச்சர். காரணம் இல்லாமல் கழட்டமாட்டீர் எண்டு நினைச்சன்."

ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன். கிண்டல் பண்ணியிருந்தால் சிரித்திருப்பேன். அவர் இரண்டும் செய்யவில்லை, அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தார். நான் ஊட்டினேன். கோப்பை முடிந்ததும் கழுவிக்கொண்டு வாறன் என்று சொல்லி எழும்பிப் போய், பைப்பைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்று அழுதேன்.